கழுதையின் இடது காது

கழுதையை வரைவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பார்க்கட்டும். நாலு கால், ஒரு வால், இரண்டு நீளக் காது, இதென்ன பிரமாதம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். முடிக்கும்போது தாளில் நிற்பது நாயா, கன்றுக்குட்டியா, மழையில் நனைந்த முயலா என்று வரைந்தவருக்கே புரியாது. கலரக்காவும் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரும் கவனிக்காத சமயமாகப் பார்த்து ஒன்று வரைந்தாள். வரைந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைக்கூடையின் அடியில் போட்டு, மேலே நாலு கசங்கிய தாளையும் போட்டு மூடினாள். அதற்கப்புறம் அவள் கழுதைப் பக்கமே பென்சிலைக் கொண்டுபோகவில்லை. வண்ணம் பூசுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவள் வண்ணம் பூசிய கழுதை ஒரு தபால்காரன். அச்சகத்திலிருந்து மாதாமாதம் குழந்தைகளுக்கென்று ஒரு படக்கதைப் புத்தகம் வரும். முழுக்க முழுக்க மிருகங்கள்தான் அதில். எங்கள் பரம்பரையே மூட்டை சுமந்து முதுகொடிந்தது போதும், நான் உத்தியோகத்துக்குப் போகிறேன் என்று வீறாப்பாகக் கிளம்பி, தபால்காரனாகி, கடைசியில் ஊரிலேயே பெரிய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அலைகிற கழுதைதான் கதாநாயகன். தன் முதுகிலிருந்தே ஊசியைப் பிடுங்கித் துணி தைக்கிற முள்ளம்பன்றித் தையல்காரர் அவனுக்குச் சிநேகிதர். தீயணைப்பு நிலையத்தில் ஓர் ஆமை உண்டு. நெருப்பெல்லாம் அணைந்த பிறகுதான் அது வந்து சேரும். கொண்டுவந்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று அக்கம்பக்கத்துச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுப் போகும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெரியவர்களும் சிரிப்பார்கள், ஆனால் யாராவது பார்த்தால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். நமக்குத்தான் கௌரவம் முக்கியமாயிற்றே!

இத்தனையையும் வரைந்தவர் ஒரே ஒருவர். அவர் இன்னொரு ஊரில் இருந்தார். மாதம் ஒருமுறை அட்டைக் குழாயில் சுருட்டிய பக்கங்கள் பஸ்ஸில் வரும். வருவது வெறும் கறுப்புக் கோடு. எதற்கு எந்த நிறம் என்று முடிவு செய்வது கலரக்காவின் வேலை. முடிவு செய்தால் மட்டும் போதாது. மஞ்சளுக்கு ஒரு தாள், சிவப்புக்கு ஒரு தாள், நீலத்துக்கு ஒரு தாள் என்று கண்ணாடி மாதிரியான தாள்களைப் பக்கத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்து, அந்தந்த நிறம் வரவேண்டிய இடத்தை மட்டும் தூரிகையால் நிரப்ப வேண்டும். வேடிக்கை என்னவென்றால், நிரப்புவது எல்லாமே செங்கல் நிற மையில்தான். அச்சுக்காகப் படமெடுக்கும் கேமராவுக்கு அது கறுப்பாகத் தெரியும். வேலை செய்கிறவர் கண்ணுக்கு அடியிலிருக்கும் கோடு மறையாது. ஆக அவள் மேசையில் வானமும் செங்கல், புல்லும் செங்கல், கழுதையும் செங்கல். அச்சு இயந்திரத்திலிருந்து தாள் வெளியே விழும்போதுதான் வானம் நீலமாகும். அதுவரை எல்லாம் அவள் மண்டைக்குள்ளே மட்டும்தான் நிறம். ஈர மையில் கை பட்டுவிடக்கூடாது என்று தாளை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, பாதி நேரம் கழுதையைத் தலைகீழாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு தேய்த்தாலும் போகாத செங்கல் சிவப்பு அவள் விரல் நுனிகளில் எப்போதும் இருந்தது.

அந்த ஓவியரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவர் கோட்டை அவளைப் போலப் பார்த்தவர்கள் உலகத்தில் கிடையாது. ஒவ்வொரு கோட்டின் ஓரமாகவும் அவள் தூரிகை ஊர்ந்து போயிருக்கிறது. காற்றடிக்கிறது என்று அவர் எங்கேயும் எழுதமாட்டார். கழுதையின் தொப்பி நுனியில் ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான். பார்க்கிறவருக்கு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தலாமா என்று தோன்றும். கழுதை பொய் சொல்லும்போது அதன் வால் மட்டும் வேறு பக்கம் பார்க்கும். இதையெல்லாம் முதன்முதலில் கண்டுகொண்டபோது கலரக்காவுக்கு உடம்பு புல்லரித்தது. இது மனுஷன் கையா என்று வாய்விட்டே கேட்டாள். கல்யாணமாகி, குழந்தை பெற்று, தலையில் இரண்டு நரை விழுந்த பிறகும் குழாயைத் திறக்கும்போது அந்தப் புல்லரிப்பு குறையவில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் கொஞ்சம் சோம்பேறி என்று அவள் நினைத்துக்கொள்வாள். வானத்தில் ஒரு கோடுகூடப் போடமாட்டார். மேகம் கிடையாது, பறவை கிடையாது. சுத்தமாகக் காலியாக விட்டுவிடுவார். அவளே ஏதாவது நிறத்தைப் போட்டு ஒப்பேற்றிக்கொள்வாள்.

அவள் வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவர். கிண்டல் பிடித்த மனிதர். "என் சட்டை என்ன கலர்னு கேட்டா முழிப்பா. கழுதையோட தொப்பி என்ன கலர்னு கேளுங்க, தூக்கத்துலயும் சொல்லுவா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவார். அவர்கள் மகள்தான் புத்தகத்துக்கு முதல் வாசகி. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டு படிப்பாள். அவள் எந்த இடத்தில் சிரிக்கிறாள் என்று கலரக்கா அடுப்படியிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு மாதம் கழுதைக்கு இடது காது இல்லாமல் போனது.

முதலில் அடி வாங்கியவர் கேமராக்காரர். அவர்தான் பக்கங்களைச் சட்டத்தில் மாட்டி, இரண்டு பக்கமும் பெரிய விளக்குகளை எரியவிட்டு, படமெடுத்துக் கொடுப்பார். அந்த மாதம் குழாய் தாமதமாக வந்ததால், பக்கங்கள் கலரக்கா கைக்கு வராமல் நேரே அவரிடம் போயிருந்தன. அவர் கொடுத்த படங்களில் கழுதைக்கு வலது காது மட்டும் இருந்தது. முள்ளம்பன்றிக்கு இடது பக்கத்தில் முள்ளே இல்லை. வீடுகள் வலது பாதியோடு நின்றன. இடது பக்கத்து விளக்கு மங்கிவிட்டது, அதனால்தான் அந்தப் பக்கம் பதியவில்லை என்று அச்சகமே ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"என் விளக்கு சரியாத்தான் எரியுது! வந்து பாருங்கய்யா!" என்று கேமராக்காரர் கரடியாகக் கத்தினார். யார் கேட்டார்கள்? விளக்கை மாற்றினார்கள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் காது இல்லை. கண்ணாடியைத் துடைத்தார்கள், வயரை மாற்றினார்கள், கேமராக்காரரின் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். மூலப் பக்கத்தை எடுத்துப் பார்க்க மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது மடத்தனமாக இருக்கும். ஆனால் அத்தனை வருஷத்தில் ஒரு தப்புக்கூடச் செய்யாத கை அது. சூரியன் வரவில்லை என்றால் நம் வீட்டு ஜன்னலைத்தானே முதலில் பார்ப்போம்! கடைசியில் கலரக்காதான் ஏதோ உறுத்த, பக்கத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கோடு பாதியில் நின்றிருந்தது. தடுமாறவில்லை, நடுங்கவில்லை. அழகாக வந்து, அப்படியே நின்றுவிட்டது. அதற்கு இடப்பக்கம் வெறும் வெள்ளைத் தாள்.

அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், இல்லாத காதுகளை வெறும் நிறத்தாலேயே போட்டாள். கோடில்லாத சாம்பல் காது. முள்ளம்பன்றியின் முதுகில் பழுப்பாக ஒரு தீற்றல். ஏதோ புது மாதிரி போலிருக்கிறது என்று புத்தகத்தின் ஆசிரியரும் விட்டுவிட்டார். அடுத்த மாதம் குழாயைத் திறந்தால், பூசி மெழுக முடியாத அளவுக்கு இருந்தது. ஆமை பாதி. தீயணைப்பு வண்டி பாதி. கழுதை ஒரு கண்ணோடும் ஒரு காதோடும் அவளைப் பார்த்தது.

ஆசிரியர் கெட்டவரில்லை. பக்கங்களை மேசையில் பரப்பி வைத்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னம்மா பண்ணச் சொல்ற? ஃபோன் பண்ணா அவங்க வீட்டம்மா காய்ச்சல்ங்கறாங்க. அவரு ஃபோன வாங்கி, எல்லாம் முழுசாத்தான் வரைஞ்சிருக்கேன்னு என்மேலயே எரிஞ்சு விழறாரு. பாதி கழுதைய எப்படிம்மா குழந்தைங்களுக்கு அனுப்பறது?"

அவர் இன்னொரு ஓவியரிடம் சொல்லிவைத்திருந்தார். அந்த இளைஞர் வரைந்த கழுதை மேசையின் ஓரத்தில் இருந்தது. இரண்டு காது, இரண்டு கண், எல்லாம் அதது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. அச்சு அசல் கழுதை. அதுதான் கோளாறு. எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்க் கட்டலாம் அதை. ஒரு வீட்டுக்கும் தபால் கொண்டுபோகாது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பக்கம் முழுசா வந்தா சரி. இல்லன்னா இனிமே கழுதை இந்தப் புது ஆளுகிட்டதான். எனக்கும் மனசு கேக்கல, ஆனா வேற வழியில்ல" என்றார் ஆசிரியர்.

"நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன் சார்" என்றாள் கலரக்கா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அந்தக் கை எப்படியிருக்கும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவள், இப்போது அதன் எதிரில் போய் நின்று, உங்கள் கழுதை பாதிதான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை பஸ் ஏற்றிவிட வந்த வீட்டுக்காரர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிண்டலை ஆரம்பித்தார். "கழுதைக்கு உடம்பு சரியில்லன்னு லீவு போட்ட ஒரே ஆளு உலகத்துலயே நீதான்." அவள் சிரிக்கவில்லை என்றதும், "போயிட்டு வா. எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம்" என்று தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் திணித்தார்.

ஓவியர் வீடு ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரும்புப் படிக்கட்டு ஏறிப் போகிற மாடி. கதவைத் திறந்த அம்மாள் கையில் கரண்டி. அச்சகத்திலிருந்து வருகிறேன் என்றதுமே முகம் வெளுத்துவிட்டது.

"அவருக்குக் காய்ச்சல்" என்றார் அந்த அம்மாள்.

"அம்மா, நான் ஆசிரியர் இல்ல. கலர் போடறவ. சண்டை போட வரலம்மா. பக்கத்தைப் பாத்துட்டு மனசு தாங்கல, அதான் வந்தேன்."

அதற்கு மேல் அந்த அம்மாளால் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "மூளைல ரத்தம் கட்டிருச்சுன்னாங்க. ஆஸ்பத்திரிலேருந்து வந்தப்ப இடது கை விழுந்துருச்சு. வலது கை நல்லாயிருக்கே, வரையறாரேன்னு சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது. அவருக்கு இடது பக்கம்னு ஒண்ணு இல்லவேயில்ல. கண்ணு நல்லாத்தான் இருக்காம். கவனம்தான் அந்தப் பக்கம் போக மாட்டேங்குதாம். ஷேவ் பண்ணா பாதி மூஞ்சி. சட்டை போட்டா ஒரு கை. சொன்னா என்னைப் பைத்தியம்ங்கறாரு. அவருக்கு அது தெரியவே மாட்டேங்குது, நான் என்ன பண்ணட்டும்? உங்ககிட்ட சொன்னா கழுதையப் பிடுங்கிக்குவீங்கன்னு மறைச்சேன். கழுதை மட்டும் இல்லன்னா இவர் படுக்கையை விட்டே எழுந்திரிக்க மாட்டாருமா."

கலரக்கா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லாமல் உள்ளே நடந்தாள்.

உள்ளே ஓவியர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கலரக்கா மனதுக்குள் வைத்திருந்தது ஒரு பெரிய ஆளை. இங்கே இருந்தவர் ஒடிசலானவர். பாதிக் கன்னத்தில் வெள்ளைத் தாடி, மறுபாதி மழமழவென்று. அவருக்கு இடது பக்கம் கிடந்த முக்காலியில் அவள் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். அவர் திரும்பவில்லை. தட்டில் வலது பக்கம் வழித்துத் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. இடது பக்கம் வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டையும் தொடாமல் அப்படியே கிடந்தன.

"அவ்வளவுதானா? ஒரு மனுஷனுக்கு இது போதுமா?" என்று அவர் கரண்டியைத் தட்டில் தட்டினார்.

அந்த அம்மாள் வந்து, தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தார். இடது பக்கம் இருந்தது வலது பக்கம் வந்தது.

"இத முதல்லயே வச்சா என்ன?" என்று சலித்துக்கொண்டு அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

கலரக்கா தட்டையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். கண்ணெதிரே இருந்த உருளைக்கிழங்கு அவருக்கு இல்லை. தட்டு திரும்பியதும் இருக்கிறது. உலகத்தில் இப்படியும் நடக்குமா!

"பிரஸ்லேருந்து வந்திருக்காங்க" என்றார் அந்த அம்மாள்.

"எங்க?" ஓவியர் வலது பக்கம் ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "போயிட்டாரா? போகட்டும். எதுக்கெடுத்தாலும் குறை. அங்க உருப்படியான ஆளு ஒண்ணே ஒண்ணுதான், அந்தக் கலர் போடற ஆளு."

கலரக்கா முக்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"பேர் தெரியாது. ஆணா பெண்ணான்னும் தெரியாது. மழை வரப்போற நேரத்துல ஒரு மஞ்சள் வெளிச்சம் வரும் பாரு, முன்ன ஒருதடவை அந்தக் கலர வானத்துல போட்டுச்சு அந்த ஆளு. நான் கேக்கவேயில்ல, தானா போட்டுச்சு. புத்தகத்தைப் பிரிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். அன்னிலேருந்து நான் வானத்துல கோடு போடறதேயில்ல. அது அந்த ஆளோட இடம்னு விட்டுடறது."

சோம்பேறி என்று நினைத்தாளே! அத்தனை வருஷத்துக் காலி வானமும் அவளுக்காக விட்டு வைத்த இடம். கலரக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இதோ இருக்கிறேன் சார், நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த அம்மாள் காலித் தட்டை எடுத்துக்கொண்டு போனார். மேசை வெறுமையாக இருந்தது. தட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. நாள் பூராவும் தாளைத் திருப்பித் திருப்பி வேலை செய்கிறவளுக்கு அது தோன்றாமல் வேறு யாருக்குத் தோன்றும்? கூடவே கொண்டுவந்திருந்த குழாயைத் திறந்து, முதல் பக்கத்தை உருவி, தட்டு இருந்த இடத்தில் தலைகீழாக வைத்தாள்.

"தலைகீழா வச்சிட்டீங்களே" என்று, திரும்பி வந்த அந்த அம்மாள் பதறினார்.

"இருக்கட்டும்மா."

ஓவியர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் முகம் சிவந்தது. "எவன் இதப் பாதில விட்டது? என் கழுதைக்குக் காது எங்க? ஏன், இந்தக் கண்ணு எங்க போச்சு? எல்லாம் அந்தக் கேமராக்காரன் பண்ற வேலை!"

பாவம் கேமராக்காரர், அவருக்கு அங்கேயும் நிம்மதியில்லை. ஓவியர் "தூரிகையக் கொடு" என்று கையை நீட்டினார். அந்த அம்மாள் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார், மைப்புட்டியைத் திறந்து வைத்தார், தாள் நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்தை நேராகத் திருப்ப வேண்டும் என்று ஓவியர் யோசிக்கக்கூட இல்லை. தலைகீழாகவே வரைய ஆரம்பித்தார்.

"முடியுமாம்மா அவரால?" என்று கலரக்கா கிசுகிசுத்தாள்.

"எங்க பொண்ணு சின்னவளா இருந்தப்ப எதிர்ல உக்காந்துதான் வேடிக்கை பாப்பா" என்றார் அந்த அம்மாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவளுக்கு நேரா தெரியணும்னு இவர் தலைகீழா வரைவாரு. கழுதையே அப்படித்தான் பொறந்துச்சு. இந்த மேசைலதான்."

அதற்குப் பிறகு நடந்ததைக் கலரக்காவால் கடைசிவரை யாரிடமும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. தூரிகை காதின் நுனியில் தொடங்கியது. காது சரிந்தது, நெற்றிக்கு இறங்கியது, கண்ணைச் சுற்றி வந்தது. முன்பே வரைந்து நின்றுபோயிருந்த பாதி இப்போது அவருடைய இடது பக்கத்தில் இருந்தது. அதாவது அது அவருக்கு இல்லை. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் கோடு போய்க்கொண்டே இருந்தது. மூக்கின் நடுவே பழைய கோட்டின் முனை காத்துக்கொண்டிருந்தது. கலரக்கா உள்ளங்கையை வாயில் அழுத்திக்கொண்டாள். புதுக்கோடு வந்தது. வந்து தொட்டது. மயிரிழையும் பிசகவில்லை.

"ஐயோ!" என்றாள் கலரக்கா. அந்தக் கைக்குக் கண் தேவைப்படவில்லை. கழுதை முழுசாக அதற்குள்ளேயே இருந்திருக்கிறது, இரண்டு காதோடு. உலகம் பாதியாகிப் போன மனிதருக்குள் கழுதை பாதியாகவில்லை.

அடுத்த பக்கம் வைத்தாள். முள்ளம்பன்றியின் முள் ஒவ்வொன்றாக முளைத்தது. அதற்கடுத்த பக்கத்தில் ஆமைக்கு ஓடு முழுசானது, தீயணைப்பு வண்டிக்கு முன்சக்கரம் வந்தது. ஒவ்வொரு கோடும் தன் ஜோடியைப் போய்ச் சேர்ந்தது. ஒரு பக்கத்திலாவது தவறட்டும், இது மனிதர்தான் என்று நம்பிக்கொள்கிறேன் என்பது போல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தவறவேயில்லை.

கடைசிப் பக்கம் முடிந்ததும் ஓவியர் தூரிகையை வைத்தார். அப்போதுதான் அவர் புருவம் சுருங்கியது. "எல்லாத்தையும் ஏன் தலைகீழா வச்சே?"

அந்த அம்மாள் தரையைப் பார்த்தார். கலரக்காவுக்கு மட்டும் பொய் சொல்ல மனம் வந்ததா என்ன? "நீங்களே திருப்பிப் பாருங்க சார்" என்றாள்.

அவர் ஒற்றைக் கையால் பக்கத்தைத் திருப்பினார். உற்றுப் பார்த்தார். மறுபடி திருப்பினார். இப்போதுதான் போட்ட காது மறைந்தது, திருப்பினால் வந்தது. வேகமாகத் திருப்பினார், மெதுவாகத் திருப்பினார். அந்தக் கையின் வேகம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் தாளின் மேல் சும்மா கிடந்தது. கீழே மருந்துக் கடை ஆள் யாருக்கோ மருந்தின் பெயரைச் சொல்வது கேட்டது.

"எனக்குப் பாதி தெரியலயா?"

"ஆமா சார்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா கழுதைக்கு இடது காது வரல சார்."

"யாரு பேசறது? நீங்க எங்க இருக்கீங்க?"

"உங்களுக்கு இடது பக்கத்துல உக்காந்திருக்கேன் சார். வந்ததுலேருந்து இங்கதான் இருக்கேன்."

ஓவியர் வலது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நாற்காலியை வலப்புறமாக நகர்த்தினார். ஜன்னல் வந்தது, கதவு வந்தது, அலமாரி வந்தது. காலால் உந்தி உந்தி, முக்கால் வட்டம் சுற்றி வந்தார். முக்காலி வந்தது. முதலில் அவர் பார்த்தது அவள் முகத்தையல்ல, மடியில் இருந்த விரல்களை. செங்கல் சிவப்பு ஏறிய நுனிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வானம் நீங்கதானா?" என்றார்.

கலரக்கா தலையை ஆட்டினாள். கையெடுத்துக் கும்பிட்டாள். அவரும் ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அத்தனை வருஷமும் ஒரே கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது!

பிறகு அவர் இன்னும் கொஞ்சம் நாற்காலியைத் தள்ளினார். அங்கே சுவரோரம் அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"நீயும் இங்கதான் இருந்தியா?" என்றார் ஓவியர். குரல் உடைந்துவிட்டது. அதைச் சரிக்கட்ட உடனே, "அழாம போய் டீ போடு. டம்ளர் நிறைய ஊத்து, இங்க ஏற்கெனவே எல்லாம் பாதிபாதியாத்தான் இருக்கு" என்றார். அந்த அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். கலரக்காவும் சிரித்தாள்.

பக்கங்கள் வியாழக்கிழமையே ஆசிரியர் மேசைக்கு வந்துவிட்டன. கலரக்கா நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கமாக எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். பழைய கோடும் புதுக்கோடும் சேருகிற இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். கிடைக்கவில்லை. பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

"இனிமே அவர் எப்படி வரைவாரு?" என்று கேட்டார் கடைசியில்.

"எப்பவும்போலத்தான் சார். அவங்க வீட்டம்மா தட்டத் திருப்பற மாதிரி தாளத் திருப்பிக் குடுப்பாங்க."

இளைஞர் வரைந்த கழுதையை ஆசிரியர் இழுப்பறையில் போட்டார். கேமராக்காரர் மட்டும், தன் விளக்கிடம் எல்லோரும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வாரம் ஒற்றைக்காலில் நின்றார்.

அந்த மாதம் வானத்துக்கு நிறம் போடக் கலரக்காவுக்கு நாள் பிடித்தது. எந்தப் பக்கத்திலும் ஒப்பேற்றவில்லை. ஆமை செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கடைசிப் படத்தில் மட்டும், மழைக்கு முந்தைய அந்த மஞ்சளைப் போட்டாள்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மகள் பிடுங்கிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தாள். கால் ஆடியது. முதல் பக்கத்துக்குச் சிரிப்பு, மூன்றாம் பக்கத்துக்குப் பெரிய சிரிப்பு. கலரக்காவால் பொறுக்க முடியவில்லை. ஈரக்கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கழுதையின் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தக் காதப் பாரு."

மகள் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி காதைப் பார்த்தாள்.

"காதுக்கென்னம்மா? காது மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"ஆமாடி" என்றாள் கலரக்கா.